பன் ஓரத்துச் சீனி

2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை. காலை முதலே வானம் மூடியிருந்தது, காற்று அசையவில்லை, புழுக்கம் மிகுந்திருந்தது. பிற்பகலில் மழை வரக்கூடும் என்பதற்கான அறிகுறிகள் தென்பட்டன.

அன்று முத்துமாரியம்மாளுக்கு ஆக வேண்டிய காரியங்கள் இரண்டு. முதலாவது, ஈஸ்ட் செல்லின் சவ்வில் அமர்ந்திருக்கும் ஒரு புரதக் கூட்டமைப்பை ஒளிர்வு நுண்ணோக்கியில் கண்டு, படம் பிடித்து, ஆய்வேட்டின் நான்காம் இயலில் சேர்ப்பது. இரண்டாவது, அதனைத் தன் கணவர் ஆனந்தராஜின் கண்ணுக்குக் காட்டுவது. மாலை நான்கு மணிக்குத் திருச்சியிலிருந்து வண்டி வரும். கல்லூரிக்கு இரவலாக வந்திருந்த நுண்ணோக்கி அதில் ஏறிப் போய்விடும். படம் இல்லையேல் இயல் இல்லை. இயல் இல்லையேல் இந்தப் பருவத்தில் பட்டமும் இல்லை.

உண்மையில் அவளுடைய முறை புதன்கிழமையே வந்திருந்தது. ஆனால் புதன்கிழமை ஆயுத பூசை. புதுக்கோட்டை வட்டாரத்தில் அரிவாளுக்கும் தையல் இயந்திரத்துக்கும் பேருந்துக்கும் கிடைக்கும் மரியாதை நுண்ணோக்கிக்கும் கிடைத்தே தீரும். அதன் கழுத்தில் சாமந்தி மாலை விழுந்தது. கண்ணாடிப் பகுதிகளை விலக்கி, உடம்பில் சந்தனமும் குங்குமமும் ஏறின. பூசையில் வைத்ததை அன்று தொடலாகாது. மறுநாள் விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் சேர்ந்த விடுமுறை. ஆக, மிஞ்சியது வெள்ளிக்கிழமை ஒன்றே.

இதில் அவள் யாரையும் குறை சொல்வதற்கில்லை. பூசைக்கு மஞ்சள் பிள்ளையார் பிடித்தவளே அவள்தான்.

"அக்கா பிடிச்சாத்தான் பிள்ளையாரு பிள்ளையாராட்டம் இருப்பாரு. நான் பிடிச்சா பல்லியாட்டம் வர்றாரு" என்று உடன் படிக்கும் பிரவீன்குமார் கும்பிடு போட்டு ஒதுங்கிக்கொண்டான். அவளும் கைக்குக் கிடைத்த பிளாஸ்டிக் பீக்கர் ஒன்றில் மஞ்சள்தூளைக் குழைத்து, தொந்தியும் துதிக்கையுமாக ஒருவரைப் பிடித்து, தலையில் அருகம்புல் செருகினாள். பிறகு பீக்கரைக் கழுவிக் கவிழ்த்தாள். எந்தப் பாத்திரத்தையும் உடனுக்குடன் கழுவிக் கவிழ்ப்பது பேக்கரியில் வந்த பழக்கம்.

நாற்பத்தாறு வயதில் அவள் நுண்ணுயிரியல் முதுகலை வகுப்பில் உட்கார நேர்ந்ததற்குக் காரணம் ஒரு பன்.

ஆலங்குடியில், பேருந்து நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி, அவளும் ஆனந்தராஜும் வெகுகாலம் ஒரு பேக்கரி நடத்தினார்கள். முந்திரி விறகு எரியும் அடுப்பு, தகரத் தட்டுகள், ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கண்ணாடி அலமாரி. விடிகிற வேளையில் விறகுப் புகையும், புளித்த மாவும், முதல் தட்டுப் பன்னும் ஒன்றாக மணக்கும். ஆலங்குடியின் முதல் பேருந்து அந்த மணத்தைச் சுமந்துகொண்டே புதுக்கோட்டைக்குப் போகிறது என்று ஆனந்தராஜ் பெருமையடிப்பார். இன்றைக்கும் அவள் கண்ணை மூடினால் அந்த மணம் மூக்கு நுனியில் வந்து நிற்கும். அந்நாட்களில் அவள் அதைக் கவனித்ததே இல்லை. வேர்வையைத் துடைக்கவே நேரம் போதவில்லை.

அங்கே மாவு இரண்டு தொட்டிகளில் உப்பும். ஒன்று ரொட்டி மாவு, மற்றது இனிப்புப் பன் மாவு. மைதாவும் ஈஸ்டும் இரண்டுக்கும் ஒன்றே. எனினும் ரொட்டி மாவு மூடிய ஈரத்துணியைத் தள்ளிக்கொண்டு எழும். பன் மாவோ சுணங்கிக் கிடக்கும்.

"ஈஸ்டுக்குத் தீனியே சீனிதானே? சீனி கூடப் போட்டா வேகமாத்தானே பொங்கணும்? இது என்னமோ பொறந்த வீட்டுலருந்து ஆளு வரலைன்னு மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு ஒக்காந்துருக்கு" என்பாள் அவள்.

"திகட்டிருச்சு போல" என்பார் ஆனந்தராஜ். ஒவ்வொரு நாளும் அதே கேள்வி, அதே பதில், அதே சிரிப்பு.

பிறகு ஆனந்தராஜுக்கு இருமல் கண்டது. மழைக்கால இருமல் என்றார்கள். மழை போயும் இருமல் போகவில்லை. மைதாத் தூசு அவர் நுரையீரலுக்கு ஒவ்வாததாகிவிட்டது என்பது தெரிய வந்தபோது, மருத்துவர் ஒரே வரியில் சொன்னார்: "இனிமே மாவு இருக்கிற பக்கமே போகாதீங்க." கடை கைமாறியது. ஆனந்தராஜ் அந்தத் தெரு வழியாகப் போவதையே நிறுத்திக்கொண்டு, சுற்றிக்கொண்டு போகப் பழகினார்.

திருமணத்துக்கு முன் அவள் பெற்ற தாவரவியல் பட்டச் சான்றிதழை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்தவரும் அவரே.

"போயிப் படி மாரி. அந்தப் பன்னு மாவு ஏன் சுணங்குச்சுன்னு எனக்கும் தெரியணும்."

"கண்டுபிடிச்சா வாயால சொல்ல மாட்டேன். ஒங்க கண்ணாலயே பாக்க வைக்கிறேன், இருங்க" என்றாள் அவள்.

விடையின் பெரும்பகுதி ஆய்வு நூல்களில் ஏற்கெனவே இருந்தது. செல்சவ்வு என்பது வெறும் உறையன்று. எந்நேரமும் கண்காணிக்கப்படும் ஓர் எல்லை. தூய நீரில் இடப்பட்ட ஈஸ்ட் செல்லுக்குள் நீர் புகுகிறது, செல் பருக்கிறது, சவ்வு விறைக்கிறது. அப்போது சவ்வின் சிறு பள்ளங்களில் ஒதுங்கியிருந்த சில புரதங்கள் வெளியேறி, டோர்க்-2 எனப்படும், பிற புரதங்களை முடுக்கும் கைனேஸ் நொதிக் கூட்டமைப்பைச் சென்றடைகின்றன. அது விழித்துக்கொண்டு, தனக்குக் கீழுள்ள மற்றொரு கைனேஸின் மீது பாஸ்பேட்டை ஏற்றி அதையும் எழுப்புகிறது. அந்தக் கைனேஸ் கொழுப்பு உற்பத்தியை முடுக்கிவிட, சவ்வுக்கு வேண்டிய சரக்கு வந்து சேர்கிறது; விறைப்பு தணிகிறது.

இனிப்பு மிகுந்த இடத்தில் நிகழ்வது இதற்கு நேர் எதிரானது. நீர் வெளியேறுகிறது, செல் சுருங்குகிறது, சவ்வு தொய்கிறது. ஆங்காங்கே புள்ளிகளாக அமர்ந்திருந்த டோர்க்-2 கூட்டமைப்புகள் ஓரிரு இடங்களில் கும்பலாகக் கூடி, செயலற்றுக் கிடக்கின்றன. பன் மாவின் சுணக்கத்துக்கு இது ஒன்றே காரணம் என்று கூறிவிட இயலாது. காரணங்களுள் இதுவும் ஒன்றாகலாம். ஆயினும் 'சவ்வு தொய்கிறது' என்ற இடத்தை முதன்முதலில் படித்த அன்று, நூலகத்தில் அவள் கண்முன் வந்து நின்றது ஈரத்துணி மூடிய அந்தத் தொட்டிதான்.

வெள்ளிக்கிழமை காலை அவளிடம் இருவகை ஈஸ்ட் தயாராக இருந்தது. ஒன்றில், டோர்க்-2 கூட்டமைப்பின் ஓர் உறுப்போடு பச்சையாக ஒளிரும் புரதம் இணைக்கப்பட்டிருந்தது. நீல ஒளி பட்டால் கூட்டமைப்பு இருக்குமிடம் பச்சையாகத் தெரியும். மற்றது ஒளிரும் புரதம் ஏதுமில்லாத சாதாரண ஈஸ்ட். அது இருட்டாகவே தெரிய வேண்டும். இருட்டாகத் தெரிந்தால்தான் முதலாவதில் கண்ட ஒளியை நம்பலாம். இதற்குக் 'கன்ட்ரோல்' என்று பெயர்.

முதல் வகைச் செல்களைப் பீக்கரில் இருந்த நீரில் அலசி, கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு வைத்து, நீல விளக்கைப் போட்டாள். குவியத்தைத் திருகினாள்.

பச்சை வளையங்கள்! ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் முற்றாத நெற்பயிரின் நிறத்தில், முழு வளையம்.

பிரவீன்குமார் எட்டிப் பார்த்தான். "யக்கா! செம! ட்ரீட்டு பன்னா, கேக்கா?"

பேராசிரியை பிரகதீஸ்வரி அவளைவிட எட்டு வயது இளையவர். அவரும் வந்து குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் மகிழ்ச்சி வந்தது, முழுதாக வரவில்லை.

"நல்லாருக்கு முத்துமாரிம்மா. கன்ட்ரோல் பாத்துட்டீங்களா?"

"அதத்தான் மேடம் அடுத்து போடப்போறேன்."

"அதப் பாத்துட்டு அப்பறம் சந்தோசப்படுவோம்."

அவளுக்குப் பொறுமை இல்லை. கன்ட்ரோல் எங்கே ஓடிப்போகிறது? வராந்தாவுக்கு வந்து அலைபேசியை எடுத்தாள்.

"ஏங்க, கெளம்பி வாங்க. தெரிஞ்சிருச்சு."

"என்னாது தெரிஞ்சிருச்சு?"

"நம்ம பன்னு மாவுங்க! பச்சைப் பசேல்னு வளையம் வளையமாத் தெரியுது."

"சட்டைய மாத்திக்கிட்டு பஸ்ஸு ஏறிர்றேன்" என்றார் ஆனந்தராஜ்.

உள்ளே திரும்பி, சாதாரண ஈஸ்டை அதே போல அலசி, அதே போலச் சில்லில் வைத்து, அதே நீல விளக்கைப் போட்டாள்.

பச்சை வளையங்கள். சற்றும் குறையாமல், அதே நெற்பயிர் நிறத்தில்.

"ரெண்டு டியூபும் மாறிப்போச்சோ?" என்றான் பிரவீன்குமார்.

"மாறல. மூடியில எது எதுன்னு எழுதியிருக்கேன்."

அவன் குரலைத் தாழ்த்தினான். "கன்ட்ரோல் ஸ்லைடு ஒடஞ்சுபோச்சுன்னு விட்ருங்கக்கா. யாரு வந்து பாக்கப்போறா?"

"ஏன்டா, கருகுன பன்ன அடித்தட்டுல வச்சு விக்கச் சொல்றியா? எங்க கடையில அப்பிடி ஒருநாளும் வித்ததில்ல."

பிரகதீஸ்வரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடிந்துகொள்ளவில்லை, கேட்டார்.

"டோர்க்-2 எப்பிடித் தெரியும்னு படிச்சோம்?"

"புள்ளி புள்ளியா, மேடம்."

"நீங்க பாத்தது?"

"வளையம்." சொல்லும்போதே அவளுக்குக் காது சுட்டது. அழகாக இருந்தது; அதனால் சரியாகவும் இருக்கும் என்று எண்ணிவிட்டாள்.

"ரெண்டு ஈஸ்டுலயும் பொதுவா என்ன இருக்குன்னு தேடுங்க" என்றார் பிரகதீஸ்வரி.

ஈஸ்டைப் புதிதாக எடுத்தாள்; நீரை மாற்றினாள்; சில்லை மாற்றினாள். வளையம் மாறவில்லை. மதியம் கடந்துவிட்டது. கடைசியில், செல்களை அலசிய பீக்கரை எடுத்துச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். மூடிய வானத்தின் வெளிச்சத்தில், அடிவிளிம்பைச் சுற்றி நூல்போல ஒரு மங்கல் மஞ்சள் தெரிந்தது.

பேக்கரியில் கேக்குக்கு வண்ணம் கலக்கும் கிண்ணம் ஒன்று உண்டு. எத்தனை முறை கழுவினாலும் அந்தச் சாயம் வெள்ளைக் கிரீமைக் கெடுத்துவிடும். ஆகவே அதன் கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டி, தனி ஆணியில் மாட்டி வைத்தவள் அவள். தெரியாமல் எடுத்ததற்காக ஆனந்தராஜையே ஒரு நாள் முழுக்க ஏசியவளும் அவள். அப்படிப்பட்டவள், பிள்ளையாருக்கு மஞ்சள் குழைத்த இதே பீக்கரை மட்டும் சிவப்பு நூல் கட்டாமல் நம்பிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

மஞ்சள் நீரில் கரைவதில்லை. கொழுப்பை நாடும் இயல்புடையது. சவ்வு கொழுப்பால் ஆனது. மேலும், நீல ஒளி பட்டால் மஞ்சளும் பச்சையாகவே ஒளிரும். பீக்கரின் அடியில் ஒட்டியிருந்தது, அலசிய செல்களின் சவ்வு முழுவதும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"மேடம், நம்ம பிள்ளையாருதான் உள்ள ஒக்காந்துருக்காரு" என்றாள் ஈனக் குரலில்.

பிரகதீஸ்வரியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நான் பிடிச்சிருந்தா இந்நேரம் பல்லி தெரிஞ்சிருக்கும்க்கா" என்றான் பிரவீன்குமார். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள், சிரிப்பு நின்றது.

புதுக் கண்ணாடிக் குடுவை ஒன்றைப் பிரித்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினாள். சாதாரண ஈஸ்ட்: இருட்டு. அவ்வளவு அழகான இருட்டை அவள் அதுவரை கண்டதில்லை. அடுத்து, ஒளிரும் புரதம் கொண்ட ஈஸ்ட், தூய நீரில். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, மெல்ல, விளிம்பில் ஒன்று, தள்ளி இன்னொன்று. வளையத்தின் பகட்டு எதுவுமில்லாத, மங்கலான, சின்னஞ்சிறு புள்ளிகள்.

"இதுதான்" என்றார் பிரகதீஸ்வரி. நுண்ணோக்கியின் தலையில் இருந்த கேமரா அதைப் பதிவுசெய்தது. "இந்த ஒரு படமும் இருட்டுக் கன்ட்ரோலும் போதும், இயல் நிக்கும். சீனிப் படமும் கெடச்சா, அது ஒங்க பன்னுக்கு."

அவள் சார்பிட்டால் என்னும் இனிப்புக் கரைசலில் அடுத்த செல்களை இட்டுக்கொண்டிருந்தபோது, மூக்குக் கவசத்துடன் ஆனந்தராஜ் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை. அவருக்குப் பின்னாலேயே வண்டியோட்டி நாகராசு வந்தார். தூறல் தொடங்கியிருந்தது.

"நேரமாச்சுங்க. மழ வலுக்கறதுக்குள்ள மிசின ஏத்தணும். நனைஞ்சா எந் தலைதான் உருளும்" என்றவர், கேட்காமலேயே கேமராவைக் கழற்றிப் பஞ்சுப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அவரிடம் தவறு இல்லை. நான்கு என்றால் நான்கு.

"வளையம் எங்க மாரி?" என்றார் ஆனந்தராஜ்.

"அது வளையம் இல்லீங்க. மஞ்சத்தூளு." நடந்ததை நாலு வாக்கியத்தில் சொன்னாள்.

"கலர்க் கிண்ணத்துக்குச் செவப்பு நூலு கட்டுனவளா நீயி? அன்னைக்கி என்னையப் போட்டு என்னா பேச்சுப் பேசுன!" கவசத்துக்கு மேலே அவர் கண்கள் சிரித்தன. அத்தனை ஆண்டு பாக்கியை அவர் ஒரே வாக்கியத்தில் தீர்த்துக்கொண்டார்.

நாகராசு நுண்ணோக்கியின் மின்கம்பியைத் தேடிக் குனிந்தார். ஆனந்தராஜ் துணிப்பையை அவிழ்த்தார். அன்று அவர் சுற்றிக்கொண்டு போகவில்லை. பழைய தெரு வழியாகவே வந்து, தங்கள் பழைய கடையின் வாசலில் கவசத்தோடு நின்று, பன் வாங்கி வந்திருந்தார்.

"அண்ணே, அங்கிட்டு என்ன அவசரம்? இங்கிட்டு வாங்க. ஆலங்குடிப் பன்னு. ஒண்ணு சாப்ட்டுட்டு ஏத்துங்க, தூறல் என்ன பண்ணப்போவுது?"

நாகராசு பன்னைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார். "அஞ்சு நிமிசம்" என்று கைநீட்டினார்.

அவள் சில்லை ஏற்றினாள். குவியம் வந்தது. புள்ளிகள் இப்போது பரவியிருக்கவில்லை. செல்லின் விளிம்பில் ஓரிரு இடங்களில் கும்பலாகக் கூடி, முன்னைவிடப் பிரகாசமாகத் தெரிந்தன. நூலில் எழுதியிருந்தபடியே இருந்தது. தொட்டியில் சுணங்கிக் கிடந்தபடியும் இருந்தது.

"கேமராவ எடுத்து மாட்டவாக்கா? அஞ்சு நிமிசம் ஆகும்" என்று பிரவீன்குமார் கிசுகிசுத்தான்.

இருந்ததே அந்த ஐந்து நிமிடம்தான். அவள் பெட்டியைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள்.

"வேணாம்டா. ஏங்க, வாங்க இங்கிட்டு."

ஆனந்தராஜ் குனிந்தார். "ஒண்ணும் தெரியலையே. இருட்டால்ல இருக்கு."

"அடுப்புக்குள்ள பன்னு வெந்துருச்சான்னு பாப்பீங்கள்ல, அப்பிடிப் பாருங்க. அவசரப்படாம."

அவர் அசையாமல் நின்றார். எத்தனையோ விடியல்களில் அடுப்பின் வாயருகே அப்படித்தான் நிற்பார். இருட்டுக்குள் தட்டுகள் தாமாகத் தெரிய வரும்வரை யாரையும் பேசவிட மாட்டார்.

"ஆங். தெரியுது" என்றார். "பன்னு ஓரத்துல சீனி ஒட்டுனாப்ல."

"பரவிக் கெடக்கா, கூடிக் கெடக்கா?"

"கூடித்தான் கெடக்கு. ரெண்டு எடத்துல கும்பலா."

"அதாங்க. சவ்வு தொஞ்சு போகவும் வேலையப் போட்டுட்டு ஒக்காந்துருச்சு."

"நம்ம மாவுலயும் இப்பிடித்தான் இருந்துச்சா?"

"இப்பிடித்தான் இருந்துருக்கும்."

அவர் கண்ணை எடுக்காமலே கேட்டார். "அப்ப, திகட்டிருச்சுன்னு நான் சொன்னது?"

"பாதி சரி" என்றாள்.

"இத்தன வருசமா நீ பாதி கூடத் தரல" என்றார். அவர் தோள் குலுங்கியது. சிரிப்பா என்று பார்க்க அவள் குனியவில்லை. அவருடைய சட்டை முதுகில், தூறல் பட்ட இடத்தில், பேக்கரி மணம் லேசாக ஏறியிருந்தது.

நாகராசு கையில் ஒட்டிய பன்னின் சீனியை வேட்டியில் துடைத்துக்கொண்டு அருகில் வந்தார். "நாலு வருசமா இந்த மிசினத் தூக்கிட்டு அலையிறேன். உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தரும் காட்டுனதில்ல. நானும் ஒருதரம் பாத்துக்கிறவா?"

"பாருங்கண்ணே" என்று ஆனந்தராஜ் இடம் விட்டார். கடைக்காரர் வாடிக்கையாளருக்கு விடுவதைப் போல. "அவசரப்படாமப் பாக்கணும். மொதல்ல இருட்டாத்தான் இருக்கும்."

நாகராசு பார்த்து முடித்து, தலையை ஆட்டி, மின்கம்பியில் கை வைத்தார். நீல விளக்கை முத்துமாரியம்மாளே அணைத்தாள். அப்போது மணி சரியாக மாலை நான்கு இருபத்திரண்டு.